இயக்கமும் ஈர்ப்பும் காலத்தின் ஓட்டமும்

எமது நாட்டின் நியம நேரம் 1996 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அது அரை மணித்தியாலம் பின்னகர்த்தப்பட்டது. 2006 ஆம் ஆண்டு ஏப்பிரலில் பழைய நேரமே மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இத்தீவின் இரு பகுதிகளில் இரு வேறு நேரங்கள் வழங்கி வந்தமையையும் பலர் நினைவிற் கொண்டிருப்பர். ஆயினும் இம்மாற்றங்களால் கடிகார முட்கள் நின்ற இடம் மாறியதேயன்றி அவை ஓடும் வீதம் மாறவில்லை. எந்நேரத்தை எவர் கைக்கொண்டபோதும், ஒரு மணித்தியாலத்தின் நீளம் அனைவர்க்கும் ஒன்றே என்னும் நம்பிக்கை ஐயத்துக்கு இடமின்றி நிலைத்திருந்தது.

அந்நம்பிக்கையே நுணுகி நோக்குமிடத்து உண்மையன்று என்பது கடந்த நூற்றாண்டின் பௌதிகவியல் எமக்கு உணர்த்திய பேருண்மையாகும். விரைந்தியங்கும் கடிகாரம் நிலையாக நிற்கும் கடிகாரத்திலும் மெதுவாக ஓடுகின்றது. மலையடிவாரத்திலுள்ள கடிகாரம் மலையுச்சியிலுள்ள கடிகாரத்திலும் மெதுவாக ஓடுகின்றது. முன்னையது இயக்கத்தின் விளைவு. பின்னையது ஈர்ப்பின் விளைவு. இவ்விரு விளைவுகளும் எவ்வாறு தோன்றுகின்றன, அவற்றுக்குரிய சான்றுகள் யாவை, பிந்துவது கடிகாரம் மட்டுமா அன்றிக் காலமேயா என்னும் மூன்று வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நியூற்றனின் காலமும் ஒளியின் வேகமும்

1687 ஆம் ஆண்டில் வெளியான தமது பெருநூலில் நியூற்றன், புறப்பொருள் எதனையும் சாராது தன்னியல்பிற் சீராக ஓடுவதே உண்மையான காலம் என வரையறுத்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இவ்வரையறை இயக்கவியலின் அத்திவாரமாக விளங்கியது. அதனோடு இணைந்த மற்றொரு கருத்து வேகங்களைக் கூட்டும் விதியாகும். ஓடும் புகைவண்டியினுள் முன்னோக்கி நடப்பவனின் வேகத்தைத் தரையில் நிற்பவன் அளந்தால், வண்டியின் வேகமும் நடையின் வேகமும் சேர்ந்த தொகையைப் பெறுவான். இது அன்றாட அனுபவத்துக்கு முற்றிலும் பொருந்துவது.

இவ்விதி ஒளிக்கும் பொருந்துமாயின், பூமி சூரியனைச் சுற்றிவரும் வேகம் ஒளியின் வேகத்திற் சிறு வேறுபாட்டை உண்டாக்குதல் வேண்டும். 1887 ஆம் ஆண்டில் மைக்கல்சன், மோளி ஆகிய அமெரிக்க விஞ்ஞானிகள் இருவரும் இவ்வேறுபாட்டை அளக்க முற்பட்டனர். எதிர்பார்க்கப்பட்ட வேறுபாடு காணப்படவில்லை. இம்முடிவை விளக்கப் புகுந்த ஒல்லாந்து அறிஞர் லொறென்ஸ், இயங்கும் தொகுதிகளுக்கெனத் தனியானதொரு நேரத்தைத் தம் சமன்பாடுகளிற் புகுத்தினார். எனினும் அதனை ஒரு கணித உபாயமாகவே அவர் கருதினார்.

1905 ஆம் ஆண்டில், சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிற் காப்புரிமை அலுவலகமொன்றிற் பணியாற்றிய இருபத்தாறு வயதினரான ஐன்ஸ்ரைன், அவ்வுபாயத்தையே மெய்ப்பொருளாக ஏற்றார். சீரான வேகத்தில் இயங்கும் எவர்க்கும் இயற்கை விதிகள் ஒரே வடிவின என்பதும், ஒளியின் வேகம் அதனை அளப்பவரின் இயக்கத்தைச் சாராது மாறாதிருக்கும் என்பதும் அவர் கொண்ட இரு எடுகோள்கள். அவ்வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர். இவ்விரு எடுகோள்களையும் ஒருங்கே ஏற்போமாயின், அனைவர்க்கும் பொதுவான காலம் என்னும் கருத்தைக் கைவிடுவதன்றி வேறு வழியில்லை.

இயக்கத்தாற் காலம் நீளுமாறு

இதனை உயர்கணிதத்தின் துணையின்றியே விளங்கிக்கொள்ளலாம். ஒன்றுக்கொன்று எதிராக, மேலும் கீழுமாக வைக்கப்பட்ட இரு ஆடிகளையும் அவற்றிடையே மேலும் கீழும் சென்று மீளும் ஓர் ஒளித்துடிப்பையும் கருதுவோம். ஒளி ஓர் ஆடியிலிருந்து மற்றைய ஆடியை அடையுந்தோறும் ஓர் அடிப்பு எனக் கொள்வோமாயின், இவ்வமைப்பு ஒரு கடிகாரமாகும். இக்கடிகாரத்தை ஒளியின் வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு வேகத்துடன் பக்கவாட்டிற் செல்லும் ஊர்தியொன்றில் ஏற்றுவோம். ஊர்தியில் உள்ளவர்க்கு ஒளி நேர் மேலேயே செல்கின்றது. தரையில் நிற்போர்க்கோ, ஒளி மேற்செல்லும் நேரத்தில் ஆடிகளும் பக்கமாக நகர்வதால், அது சாய்வான கோட்டிற் செல்வதாகத் தோன்றும். ஒளி 5 அலகு தூரம் செல்லும் நேரத்தில் ஊர்தி 3 அலகு தூரம் செல்கின்றது. ஆகவே பைதகரசின் தேற்றப்படி ஆடிகளுக்கிடையேயுள்ள செங்குத்துத் தூரம் 4 அலகாகும்.

ஒளியின் வேகம் இருவர்க்கும் ஒன்றே. எனவே ஊர்தியிலுள்ளவர் 4 அலகு நேரம் சென்றதெனக் கணிக்கும் அதே அடிப்புக்குத் தரையிலுள்ளவர் 5 அலகு நேரம் சென்றதெனக் கணிப்பர். தரையில் 5 மணித்தியாலம் கழிய, ஊர்தியில் 4 மணித்தியாலமே கழியும். வேகம் ஒளியின் வேகத்தை அணுக அணுக இவ்விகிதம் வரம்பின்றிப் பெருகும்.

அன்றாட வேகங்களில் இவ்விளைவு மிக நுண்ணியது. கடிகாரம் பிந்தும் பின்னம், அதன் வேகத்துக்கும் ஒளியின் வேகத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்திற் பாதியாகும். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்திற் பத்து மணித்தியாலம் பறக்கும் விமானத்தில், இயக்கத்தால் மட்டும் ஏற்படும் பின்னடைவு ஏறத்தாழ 12 நனோ செக்கன். ஒரு நனோ செக்கன் என்பது செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு. மனிதர் இதனை இத்தனை காலமாக அறியாதிருந்தமைக்குக் காரணம் இச்சிறுமையே.

மியூவோன்கள் தரும் சான்று

ஒளியை அண்மிக்கும் வேகங்களை இயற்கையே எமக்கு வழங்குகின்றது. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்படைகளில் மோதுகையில் மியூவோன் எனப்படும் துணிக்கைகள் தோன்றுகின்றன. இவை நிலையற்றவை, இவற்றின் சராசரி ஆயுட்காலம் 2.2 மைக்கிரோ செக்கன், அதாவது செக்கனின் பத்து இலட்சத்தில் 2.2 பங்கு. இந்நேரத்தில் ஒளியும் 660 மீற்றர் தூரமே செல்லக்கூடும். பத்துக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட உயரத்திற் பிறக்கும் மியூவோன்கள் நிலத்தை அடைதல் அரிதினும் அரிதாதல் வேண்டும். ஆனால் அவை நிலத்தை அடைந்த வண்ணமே இருக்கின்றன.

1941 ஆம் ஆண்டில் றொசி, ஹோல் ஆகியோர் கொலறாடோ மாநிலத்திற் செய்த அளவீடுகள் இதற்கான விளக்கம் காலநீட்சியே எனக் காட்டின. 1963 ஆம் ஆண்டில் வெளியான ஃபிறிஷ், ஸ்மித் ஆகியோரின் பரிசோதனை இன்னும் தெளிவானது. வாஷிங்ரன் மலையில், ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில், ஒளியின் வேகத்தில் 99.5 நூற்றுவீத வேகமுடைய மியூவோன்களை அவர்கள் எண்ணினர். மணித்தியாலத்துக்கு 563 மியூவோன்கள் சராசரியாகப் பதிவாகின. கடல் மட்டத்தை அடைய அவற்றுக்கு 6.4 மைக்கிரோ செக்கன் தேவை. காலம் பொதுவானதாயின் அந்நேரத்தில் ஏறத்தாழ 30 மியூவோன்களே எஞ்சியிருத்தல் வேண்டும். கடல் மட்டத்தில் எண்ணப்பட்டவையோ 400 க்கு மேற்பட்டவை. மியூவோன்களைப் பொறுத்தவரை, அப்பயணம் ஒரு மைக்கிரோ செக்கனுக்கும் குறைந்த நேரத்தில் முடிந்துவிட்டது போலும்!

1977 ஆம் ஆண்டில், ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி நிலையத்தில், 14 மீற்றர் விட்டமுடைய வளையமொன்றினுள் மியூவோன்கள் ஒளியின் வேகத்தில் 99.94 நூற்றுவீத வேகத்துடன் சுற்றவிடப்பட்டன. அவற்றின் ஆயுட்காலம் 2.2 இலிருந்து 64.4 மைக்கிரோ செக்கனாக நீண்டது. கொள்கை கூறிய 29.3 மடங்குப் பெருக்கமும் இதுவே. அவ்வளையத்தில் மியூவோன்கள் அனுபவித்த ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலிலும் கோடி கோடி மடங்குகளுக்கு மேற்பட்டது. அத்துணைப் பெரிய ஆர்முடுகலும் வேகத்தால் ஏற்படும் விளைவுக்கு மேலாக எதனையும் சேர்க்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஈர்ப்பும் காலமும்

1907 ஆம் ஆண்டில் ஐன்ஸ்ரைன் மற்றுமோர் உண்மையை உணர்ந்தார். மூடிய அறையொன்றினுள் இருப்பவர், தாம் பூமியின் ஈர்ப்பில் நிற்கின்றாரா அன்றி வெற்று வெளியில் ஆர்முடுகும் ஏவுகணையில் நிற்கின்றாரா என்பதைச் சிறிய அறையொன்றினுட் செய்யும் பரிசோதனை எதனாலும் பிரித்தறிய இயலாது. இது சமவலுத் தத்துவம் எனப்படும்.

மேனோக்கி ஆர்முடுகும் ஏவுகணையின் அடித்தளத்திலிருந்து செக்கனுக்கு ஒன்றாக ஒளித்துடிப்புகள் அனுப்பப்படுகின்றன என்க. ஒளி உச்சியை அடைவதற்குள் உச்சித்தளம் முன்னிலும் கூடிய வேகம் பெற்று ஒளியினின்றும் விலகிச் செல்கின்றது. ஆதலால் அங்கு துடிப்புகள் ஒரு செக்கனிலும் சற்று நீண்ட இடைவெளியில் வந்துசேரும். உச்சியிலிருப்பவர் கீழுள்ள கடிகாரம் மெதுவாக ஓடுவதாகக் காண்பார். சமவலுத் தத்துவப்படி, பூமியில் நிலையாக நிற்கும் கோபுரமொன்றிலும் இதுவே நிகழ்தல் வேண்டும். அங்கு உச்சியும் அடியும் ஒன்றிலிருந்தொன்று விலகவில்லை. அனுப்பப்பட்ட துடிப்புகள் இடைவழியிற் காணாமற் போவதுமில்லை. ஆகவே கீழுள்ள கடிகாரம் உண்மையிலேயே மெதுவாக ஓடுகின்றது எனக் கொள்வதே எஞ்சிய முடிபாகும். வேறுபாட்டின் பின்னம், ஈர்ப்பு ஆர்முடுகலை உயரத்தாற் பெருக்கி ஒளிவேகத்தின் வர்க்கத்தாற் பிரிக்கப் பெறப்படும்.

1960 ஆம் ஆண்டில் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் பவுண்ட், றெப்கா ஆகிய இருவரும் 22.5 மீற்றர் உயரமுடைய கோபுரமொன்றில் இதனைச் சோதித்தனர். இரும்பின் கருக்கள் வெளியிடும் காமாக் கதிர்களின் மீடிறனே அவர்களது கடிகாரம். அவ்வுயரத்துக்குரிய வேறுபாடு பத்தாயிரம் கோடி கோடியில் ஏறத்தாழ 2,450 பங்கு மட்டுமே. எனினும் 1958 ஆம் ஆண்டில் மொஸ்பௌவர் கண்டறிந்த விளைவின் துணையால் அவர்கள் அதனை அளந்தனர். கொள்கையுடன் 10 நூற்றுவீதத்துள் ஒத்த அம்முடிவு, 1965 ஆம் ஆண்டளவில் 1 நூற்றுவீதமாகச் செம்மைப்படுத்தப்பட்டது. 1976 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஐதரசன் மேசர் கடிகாரமொன்று ஏவுகணை மூலம் 10,000 கிலோமீற்றர் உயரத்துக்கு அனுப்பப்பட்டபோது, உடன்பாடு பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவை எட்டியது. 2010 ஆம் ஆண்டில் அமெரிக்க நியமங்கள் நிறுவன ஆய்வாளர்கள் ஒரே கட்டடத்தில் 33 சென்ரிமீற்றர் உயரவேறுபாட்டில் வைக்கப்பட்ட இரு கடிகாரங்களுக்கிடையே வேறுபாட்டைக் கண்டனர். 2022 ஆம் ஆண்டில் அவ்வளவீடு ஒரு மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கியது. எமது தலையும் பாதமும் ஒரே காலத்தில் வாழவில்லை என்பது இன்று உவமையன்று, அளவீடு.

உலகைச் சுற்றிய நான்கு கடிகாரங்கள்

இயக்கமும் ஈர்ப்பும் ஒருங்கே தொழிற்படுமிடத்து நிகழ்வதை 1971 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதப் பரிசோதனை அழகுறக் காட்டுகின்றது. ஹஃபலே என்னும் பௌதிகவியலாளரும், அமெரிக்கக் கடற்படை வானிலையத்தைச் சேர்ந்த கீற்றிங் என்பவரும் நான்கு சீசியம் அணுக்கடிகாரங்களைச் சாதாரணப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றினர். முதலிற் கிழக்கு நோக்கியும் பின்னர் மேற்கு நோக்கியும் சுற்றிவந்து, வானிலையத்துக் கடிகாரங்களோடு அவற்றை ஒப்பிட்டனர்.

கிழக்கு மேற்கு என்ற வேறுபாடு ஏன் தேவைப்பட்டது? தரையிலுள்ள கடிகாரமும் ஓய்விலில்லை. பூமியின் சுழற்சியோடு அதுவும் கிழக்கு நோக்கி விரைகின்றது. பூமியின் மையத்தை நிலையாகக் கொண்டு நோக்குமிடத்து, கிழக்கே பறக்கும் விமானத்தின் வேகம் பூமியின் வேகத்தோடு கூடுகின்றது. மேற்கே பறப்பது பூமியின் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றது. ஆகவே தரைக்கடிகாரத்தோடு ஒப்பிடுகையில் கிழக்கே சென்றது பிந்தவும் மேற்கே சென்றது முந்தவும் வேண்டும். இரு பயணங்களிலும் விமானம் உயரத்திற் பறப்பதால் ஈர்ப்பு விளைவு கடிகாரத்தை முந்தச் செய்யும்.

கணிப்பின்படி, கிழக்குப் பயணத்தில் ஈர்ப்பால் 144 நனோ செக்கன் முந்துதலும் இயக்கத்தால் 184 நனோ செக்கன் பிந்துதலும் சேர்ந்து 40 நனோ செக்கன் பிந்தவேண்டும். அளவீடு காட்டியது 59 நனோ செக்கன் பின்னடைவு. மேற்குப் பயணத்தில் ஈர்ப்பால் 179, இயக்கத்தால் 96, ஆக 275 நனோ செக்கன் முந்தவேண்டும். அளவீடு காட்டியது 273. கிழக்குப் பயணக் கணிப்பின் வழு எல்லை 23 நனோ செக்கனும் அளவீட்டின் வழு எல்லை 10 நனோ செக்கனும் ஆகையால், அங்கும் முரண்பாடு இல்லை. ஒரே ஆய்வுகூடத்திலிருந்து புறப்பட்டு அவ்வாய்வுகூடத்துக்கே மீண்ட கடிகாரங்கள், சென்ற வழிக்கேற்ப வெவ்வேறு காலத்தைக் கணக்கிட்டு வந்தன என்பதே இங்கு முதன்மையானது.

செய்மதிகளின் காலம்

ஒழுக்கிற் சுற்றும் செய்மதிகளில் இவ்விரு விளைவுகளும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. தாழ்ந்த ஒழுக்கில் வேகம் மிகுதி, உயரம் குறைவு. ஆதலால் இயக்கமே வெல்கின்றது. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்திலுள்ள சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் தங்கி மீள்பவர், தரையில் இருந்தவரிலும் செக்கனின் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு இளையவராகத் திரும்புகின்றார். உயரஞ் செல்லச் செல்ல ஒழுக்கின் வேகம் குறைய, ஈர்ப்பு விளைவு ஓங்குகின்றது. ஒழுக்கின் ஆரை பூமியின் ஆரையைப் போல் ஒன்றரை மடங்காகும் இடத்தில், அதாவது ஏறத்தாழ 3,200 கிலோமீற்றர் உயரத்தில், இரண்டும் சமன் செய்யப்படுகின்றன. அதற்கு மேலே கடிகாரங்கள் முந்துகின்றன.

அமெரிக்க இடங்காண் தொகுதியின் செய்மதிகள் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் இயங்குகின்றன. அவற்றின் கடிகாரங்கள் இயக்கத்தால் நாளொன்றுக்கு 7 மைக்கிரோ செக்கன் பிந்துகின்றன. ஈர்ப்புக் குறைவால் 45 மைக்கிரோ செக்கன் முந்துகின்றன. எஞ்சுவது 38 மைக்கிரோ செக்கன் முந்துகை. ஒளி இந்நேரத்தில் 11 கிலோமீற்றருக்கு மேற்செல்லும். இத்தொகுதியை உருவாக்கியவர்களுட் சிலர் இத்திருத்தம் தேவைதானா என ஐயுற்றனர். ஆகையால் 1977 ஆம் ஆண்டு யூனில் ஏவப்பட்ட சோதனைச் செய்மதியில் திருத்தும் கருவி பொருத்தப்பட்டும் தொடக்கத்தில் இயக்கப்படாது விடப்பட்டது. ஏறத்தாழ இருபது நாட்களின் பின் நோக்கியபோது, கடிகாரம் இலட்சம் கோடியில் 442.5 பங்கு விரைந்து ஓடியமை தெரியவந்தது. கொள்கை கூறியது 446.5 பங்கு. அதன் பின் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. இன்று கைத்தொலைபேசியில் வழிகாணும் ஒவ்வொருவரும் இத்திருத்தத்தை அறியாமலே பயன்படுத்துகின்றனர்.

பிந்துவது கடிகாரமா, காலமா?

இங்கு ஓர் எதிர்வாதம் எழுதல் இயல்பு. வெப்பத்தால் ஊசற்கடிகாரம் பிந்துகின்றது. அதனாற் காலம் பிந்துகின்றது என எவரும் கூறார். அவ்வாறே இயக்கமும் ஈர்ப்பும் கருவியைப் பாதிக்கின்றனவேயன்றிக் காலத்தையல்ல எனக் கூறலாகாதா? இவ்வினாவை எழுப்பியோர் எளியவரல்லர். பிரெஞ்சு மெய்யியலாளர் பேர்க்சன் 1922 ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் ஐன்ஸ்ரைனை நேரிற் சந்தித்தபோது, கடிகாரம் அளப்பது வேறு, மனிதர் வாழ்ந்துணரும் காலம் வேறு என வாதிட்டார். சார்புக் கொள்கை பற்றித் தாமே நூலெழுதிய ஆங்கிலேய அறிஞர் டிங்கிள், பின்னாளில் அதனை முரண்பாடுடையது எனக் கூறி, 1978 ஆம் ஆண்டில் மறையும் வரை எதிர்த்துவந்தார். இரு கடிகாரங்களுள் ஒவ்வொன்றும் மற்றதினும் மெதுவாக ஓடுதல் எங்ஙனம் என்பதே அவரது வினா.

டிங்கிளின் வினாவுக்கு விடை உண்டு. தூரத்தேயுள்ள கடிகாரத்தோடு ஒப்பிடுவதற்கு, அங்கும் இங்கும் ஒரே வேளை எது என முதலில் தீர்மானித்தல் வேண்டும். ஒன்றுக்கொன்று இயங்கும் இருவர் அவ்வேளையை ஒருமித்துத் தீர்மானிப்பதில்லை. ஆதலால் இருவர் கூற்றும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒருவர் சென்று மீண்டாராயின் நிலை வேறு. இரு ஊர்களுக்கிடையே நேர்வழியும் சுற்றுவழியும் வெவ்வேறு நீளமுடையன. அதுபோலவே ஒரு பிரிவுக்கும் ஒரு சந்திப்புக்கும் இடையே இருவர் சென்ற வழிகளும் வெவ்வேறு கால நீளமுடையன. ஆனால் இங்கு திரும்பாது சீராகச் சென்றவர்க்கே காலம் மிகுதி. 1911 ஆம் ஆண்டில் லான்ஜவின் எடுத்துக்காட்டிய விண்பயணியின் இளமைக்கு விளக்கம் இதுவே.

கருவியா காலமா என்னும் வினாவுக்கோ, பரிசோதனைகளே விடை தருகின்றன. வெப்பம் ஊசலை ஒருவாறும் படிகக் கடிகாரத்தை வேறொருவாறும் பாதிக்கும். அவ்வேறுபாட்டினாலேயே கருவியின் குறையை இனங்காண்கின்றோம். இயக்கமும் ஈர்ப்புமோ சீசியம் அணு, ஐதரசன் மேசர், இரும்புக் கரு, மியூவோனின் சிதைவு ஆகிய யாவற்றையும் ஒரே விகிதத்திற் பாதிக்கின்றன. அன்றியும், சீராகச் செல்லும் ஊர்தியினுள் ஒளிக்கடிகாரம் மட்டும் பிந்தி நாடித்துடிப்புப் பிந்தாதிருக்குமாயின், வெளியே நோக்காமலே ஊர்தி இயங்குவதை அறிந்துவிடலாம். அது முதல் எடுகோளுக்கு முரண். எனவே நாடியும் நரையும் நினைவும் கடிகாரத்தோடு சேர்ந்தே பிந்துதல் வேண்டும். பேர்க்சன் கூறிய வாழ்ந்துணரும் காலமும் இதற்கு விலக்கன்று. ஒரு பொருளில் நிகழும் எல்லா மாற்றங்களும் ஒருசேரப் பிந்துமாயின், அதனைக் காலம் பிந்துதல் என்பதன்றி வேறெவ்வாறு கூறுவது?

பொதுநேரம் என்பது யாது?

ஐன்ஸ்ரைன் 1905 ஆம் ஆண்டுக் கட்டுரையில், பூமத்தியரேகையிலுள்ள கடிகாரம் முனைவிலுள்ளதிலும் மெதுவாக ஓடும் என எழுதினார். சுழற்சி வேகத்தை மட்டும் நோக்கின் அவ்வேறுபாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 நனோ செக்கனாதல் வேண்டும். ஈர்ப்பின் விளைவு அன்று அறியப்பட்டிருக்கவில்லை. பூமி தன் சுழற்சியால் நடுவிற் புடைத்திருப்பதால், பூமத்தியரேகையிலுள்ள கடல் மட்டம் முனைவிலுள்ளதிலும் மையத்தினின்று 21 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. சுழற்சியால் இழக்கப்படுவது இத்தொலைவால் ஈடுசெய்யப்படுகின்றது. ஆகவே கடல் மட்டத்திலுள்ள கடிகாரங்கள் யாவும், அவை கொழும்பிலிருப்பினும் வடமுனையிலிருப்பினும், ஒரே வீதத்தில் ஓடுகின்றன.

உலகின் ஆய்வுகூடங்கள் யாவும் கடல் மட்டத்திலில்லை. ஏறத்தாழ 1,650 மீற்றர் உயரத்திலுள்ள போல்டர் நகரின் கடிகாரம், தாழ்நிலத்திலுள்ள கிறீனிச்சின் கடிகாரத்திலும் ஆண்டொன்றுக்கு 5 மைக்கிரோ செக்கனுக்கு மேல் முந்தும். இரண்டும் பிழையற்றவை, தத்தம் இடத்துக்குரிய காலத்தைச் சரியாகவே அளக்கின்றன. ஆயினும் ஒரு பொதுநேரத்தை ஆக்கவேண்டின் அவற்றை ஓர் அளவுகோலுக்கு உட்படுத்துதல் தேவை. 1977 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொடக்கம் சர்வதேச அணுநேரத்தின் அலகு கடல் மட்டத்துக்கேற்பத் திருத்தப்பட்டு வருகின்றது.

பொதுநேரம் என்பது நியூற்றன் கருதியவாறு இயற்கை எமக்கு அளித்த கொடையன்று. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு வீதத்தில் ஓடும் காலங்களை ஒப்பிட்டு, திருத்தி, உடன்பாட்டால் மனிதர் ஆக்கிக்கொண்டதொன்றாகும். ஒவ்வொரு பொருளும் தான் சென்ற வழிக்கேற்பத் தனக்கெனவோர் காலத்தை உடையது. அக்காலங்களை இணைக்கும் விதிகளே அனைவர்க்கும் பொதுவானவை. சார்புக் கொள்கை எல்லாவற்றையும் சார்பாக்கிவிட்டது என்பார் கூற்று இதனாற் பொருந்தாது. மாறாததென நாம் நம்பியிருந்தது மாறுவதாயிற்று. மாறாதது யாது என்பதை அக்கொள்கையே எமக்கு அடையாளங் காட்டிற்று.